எல்க் வேட்டைக்கு மான் அம்பு போதுமா?

கேள்வி சுருக்கமாக இது. விஸ்கான்சினில் சில ஆண்டுகளாக வெள்ளைவால் மான் வேட்டையாடிப் பழகிய ஒருவர், வரும் செப்டம்பரில் முதல்முறையாகக் கொலராடோவுக்கு எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போகிறார். கையில் இருப்பது 65 பவுண்டு இழுவிசை கொண்ட காம்பவுண்ட் வில், அதாவது நுனிகளில் உருளைகள் பூட்டிய நவீன வில். இழுப்பு நீளம் 28.5 அங்குலம். அம்பின் எடை முனையோடு சேர்த்து 385 கிரெயின், அதாவது ஏறக்குறைய 25 கிராம். முனை, உடலில் பட்டதும் கத்திகள் விரியும் வகை. மானிடம் ஒருமுறையும் கைவிடாத இந்த அம்பு எல்க்குக்கும் போதுமா, இல்லை எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

வில் இருக்கட்டும். அம்பையும் முனையையும் மாற்றிவிடுங்கள். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை நான் ஒரு விலங்கைப் புண்படுத்தித்தான் கற்றுக்கொண்டேன்.

கொலராடோவின் தென்மேற்கே சான் ஹுவான் மலைகளில் எனக்கு அது இரண்டாவது பருவம். பொழுது சாயும் நேரத்தில் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஓர் ஆண் எல்க் 34 கெஜத்தில் பக்கவாட்டில் நின்றது. என் அம்பும் ஏறக்குறைய உங்களுடையதைப் போன்றதுதான்: 390 கிரெயின், விரியும் முனை. குறிவைத்த இடத்துக்கு ஐந்து விரற்கடை முன்னால், தோள்பட்டை எலும்பின் விளிம்பில் போய்ப் பட்டது. பலகையில் ஆணி அடித்தாற்போல் ஓர் ஓசை. 80 அடி தள்ளி ஒடிந்த தண்டு கிடைத்தது. இன்செர்ட்டுக்கு (முனையைத் திருகுவதற்காகத் தண்டின் வாயில் ஒட்டும் உலோகத் துண்டு) சற்றுப் பின்னால் கார்பன் இழை இழையாகப் பிரிந்து, தேய்ந்த துடைப்பம்போல் இருந்தது. முனை விலங்கின் உடலிலேயே தங்கிவிட்டது. 300 கெஜம்வரை பைன் சருகுகளின் மேல் மிளகளவு இரத்தத் துளிகள், அதன்பின் ஒன்றுமில்லை. இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல் தேடினேன். மூன்றாம் நாள் மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டது. அந்த ஆண்டுக்கான உரிமத்தை நான் மேற்கொண்டு பயன்படுத்தவில்லை. அந்த எல்க் என் கணக்கில்தான் சேரும். ஒடிந்த தண்டு இன்றும் அம்பு கட்டும் மேசையின் மேல் கண்ணில் படும்படி இருக்கிறது.

குறி தவறியது என் பிழை, அதை எந்த அம்பும் திருத்தாது. ஆனால் ஐந்து விரற்கடைப் பிழைக்கும் தோற்றுப்போன வேட்டைக்கும் நடுவே அம்பின் கட்டமைப்பு நிற்கிறது. எல்க் ஆணில் 300 கிலோவைத் தாண்டும். பெண் ஏறக்குறைய 220 கிலோ. தோள் உயரமே ஐந்தடி. நம் ஊர்க் கடமானைவிடப் பெரிய உடம்பு. செப்டம்பர் இணைசேரும் பருவம் என்பதால் ஆண் எல்க்குகள் சேற்றுக் குழியில் புரண்டு வரும். மயிரில் காய்ந்த மண் அப்பியிருக்கும். அம்பின் கூர் தோலைத் தொடும் முன்பே அந்த மண்ணைக் கடக்க வேண்டும். அப்புறம் தடித்த தோல், விலா எலும்பு, இரு நுரையீரல், மறுபக்க விலா, மறுபக்கத் தோல். இத்தனையையும் கடந்து அம்பு வெளியே வர வேண்டும்.

வெளியே வருவதற்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அம்பு துப்பாக்கிக் குண்டைப்போல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. வெட்டி, இரத்தத்தை வடித்துக் கொல்கிறது. ஒரு துளை மட்டும் இருந்தால், அதுவும் உடலின் மேற்பாதியில் இருந்தால், கொழுப்பும் மயிரும் அதை அடைத்துக்கொள்ளும். இரத்தம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே நிறையும், தரையில் விழாது. இரண்டு துளை இருந்தால் விலங்கும் விரைவில் விழும், தடமும் கிடைக்கும். வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானையில் தொடங்கிப் புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்து உடும்பில் போய்த் தைத்தது என்று பாடிய புலவர், அம்பின் வேகத்தையா பாடினார்? ஊடுருவியதைத்தான் பாடினார். எல்க் வேட்டையில் அம்பைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முடிவையும் இந்த ஒரு கேள்வியால் அளந்து பாருங்கள்: இது மறுபக்கம் வர உதவுமா?

முதலில் எடையைப் பேசுவோம், ஏனென்றால் எல்லோரும் சண்டை போடும் இடம் அதுதான். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. உங்கள் வில்லில் 385 கிரெயின் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 285 அடி வேகத்தில் போவதாக வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் 69.5 அடி-பவுண்டு. அதே வில்லில் 473 கிரெயின் அம்பு 260 அடி வேகத்தில் போகும், ஆற்றல் 71. அம்பு செய்யும் ஈஸ்டன் நிறுவனத்தின் பட்டியல் எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கு 42 முதல் 65 அடி-பவுண்டு வரை என்கிறது. ஆக, ஆற்றலை மட்டும் பார்த்தால் இரண்டு அம்பும் தேறிவிடுகின்றன. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அம்பு உள்ளே போனபின் அதை முன்னோக்கி இழுத்துச் செல்வது உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு. முதல் அம்புக்கு அது 0.487 பவுண்டு-நொடி, இரண்டாவதற்கு 0.546. அதே வில், அதே கை, 12 சதவீதம் கூடுதல் உந்தம்.

"கனமான அம்பு வளைந்து விழும், தூரக் கணிப்பில் சிறிது தவறினாலும் குறி போய்விடும்" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 40 கெஜம் என்று நினைத்து எய்கிறீர்கள், விலங்கு 43-ல் நிற்கிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டால், வேகமான அம்பு 2.8 அங்குலம் கீழே விழும். கனமான அம்பு 3.3 அங்குலம். வித்தியாசம் அரை அங்குலம். அந்த அரை அங்குலத்துக்காக 12 சதவீத உந்தத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் இன்னும் கனமாக, 650 கிரெயின் என்று போகலாமே? ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் பெரிய விலங்குகளின் மேல் பல ஆண்டுகள் அம்புகளைச் சோதித்த டாக்டர் எட் ஆஷ்பி, தடித்த எலும்பைத் துளைக்க 650 கிரெயின் என்ற எல்லையைச் சொன்னார். அவர் வேலையை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் உங்கள் வில்லில் 650 கிரெயின் அம்பின் வேகம் 226 அடிக்கு இறங்கிவிடும். அதே மூன்று கெஜப் பிழைக்கு 4.4 அங்குலம் விழும். எல்க்கைப்போல் குரல் கொடுத்து, பத்துப் பதினைந்து கெஜத்துக்கு வரவழைத்து எய்பவர்களுக்கு அது சரி. திறந்த புல்வெளி ஓரத்தில் 40 கெஜ வாய்ப்பும் வரலாம் என்றால், 450-லிருந்து 520 கிரெயினுக்குள் நில்லுங்கள். உண்மையில் ஆஷ்பியின் பட்டியலில் எடைக்கும் முன்னால் நிற்பவை இரண்டு: அம்பு உடையாமல் இருப்பது, நேராகப் பறப்பது. அவர் பெயரைச் சொல்லி எடையை மட்டும் ஏற்றிக்கொள்பவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள்.

தண்டின் விறைப்பு எண்ணைப் பாருங்கள். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளின் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு வளைகிறது என்பதே அந்த எண். 340 என்றால் 0.340 அங்குலம் வளைகிறது. எண் குறையக் குறைய விறைப்பு கூடும். முன்பக்கம் எடை ஏற்றினால் அதே தண்டு எய்யும்போது கூடுதலாக வளையும். அதனால்தான் பழைய தண்டிலேயே கனமான முனையைத் திருகிவிட்டுப் போக முடியாது. உங்கள் அளவுக்கு, முன்னால் 175 கிரெயின் ஏற்றும்போது 340 தண்டு எல்லையில் நிற்கும், 300 எடுங்கள். விறைப்பு சற்றுக் கூடினால் காம்பவுண்ட் வில் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது.

நான் கட்டுவது இப்படி. அங்குலத்துக்கு 9.5 கிரெயின் எடையுள்ள 300 தண்டு, 28 அங்குலமாக வெட்டியது: 266. பித்தளை இன்செர்ட் 50. முனை 125. இறகுகள் 22, நாணைக் கவ்வும் நாக் 10. மொத்தம் 473. நாக் பள்ளத்திலிருந்து தண்டின் நுனிவரை உள்ள நீளத்தின் பாதிப்புள்ளிக்கும், விரல் மேல் வைத்தால் அம்பு சமனாக நிற்கும் புள்ளிக்கும் உள்ள தூரத்தை முழு நீளத்தால் வகுத்தால் முன்பாரச் சதவீதம் கிடைக்கும். இந்த அம்புக்கு ஏறக்குறைய 16. அதே தண்டில் 16 கிரெயின் அலுமினிய இன்செர்ட்டும் 100 கிரெயின் முனையும் போட்டால் 11 சதவீதம்தான். முன்பாரம் கூடினால் பின்னால் உள்ள இறகுகளுக்கு அம்பைத் திருப்பும் பிடி கூடுகிறது. அம்பு உள்ளே நுழைந்தபின் பின்பகுதி அலைவதும் குறைகிறது.

இன்செர்ட் ஒட்டும் வேலையைக் கடைக்காரரிடம் விடாதீர்கள். என் அம்பு ஒடிந்த இடம் அதுதான். தண்டை வெட்டியதும் வெட்டுமுகம் செங்கோணத்தில் சமமாக இருக்கும்படி தேய்க்க வேண்டும். உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். முதல் குச்சி கரியாக வரும். கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்துக்கொண்டே இருங்கள். பிறகு இரண்டு பொருள் கலக்கும் எப்பாக்சியைத் தடவி, இன்செர்ட்டைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளி, ஒரு நாள் முழுக்க ஆறவிடுங்கள். வெளியே ஒரு சிறிய உலோகக் காப்பு வளையம் போட்டால் எலும்பில் மோதும்போது தண்டின் வாய் பிளக்காது.

முனையைத் திருகியபின் சுழற்றிப் பார்க்க வேண்டும். நான் சமையலறை மேசையில் இரண்டு காபிக் கோப்பைகளின் விளிம்பில் அம்பைக் கிடத்தி விரலால் சுழற்றுவேன். கண் முழுவதும் முனையின் நுனியில் இருக்கும். நுனி ஒரே இடத்தில் புள்ளியாக நின்றால் அது வேட்டை அம்பு. சிறிய வட்டம் போட்டால், முனையை வேறொரு தண்டில் மாற்றிப் பார்ப்பேன். வட்டம் முனையோடு போனால் முனை கோணல், தண்டோடு தங்கினால் இன்செர்ட் கோணல். ஒரு டஜன் அம்பில் ஒன்றிரண்டு இப்படித் தோற்றுப்போவது வழக்கம்.

இனி முனை. விரியும் வகையில் ஒரு நியாயம் இருக்கிறது: பயிற்சி முனையைப் போலவே பறக்கும், இரண்டங்குல அகலத்துக்கு வெட்டும், விலாவுக்குப் பின்னால் சரியாகப் பட்டால் இரத்தம் கொட்டும். அதை வைத்து ஆண்டுதோறும் எல்க் வீழ்த்துபவர்களை நான் அறிவேன். ஆனால் கத்தியை விரிக்க ஆற்றல் செலவாகிறது, அகன்ற வெட்டு கூடுதல் தடையை இழுத்துக்கொள்கிறது, கத்திகள் மெல்லியவை, சாய்வாகப் பட்டால் ஒரு பக்கம் முன்னதாக விரிந்து அம்பைத் திருப்பிவிடவும் கூடும். 80 பவுண்டு வில்லும் 31 அங்குல இழுப்பும் உள்ளவர் இந்தச் செலவைத் தாங்குவார். 65 பவுண்டும் 28.5 அங்குலமும் உள்ள நாம் தாங்க முடியாது. நிலையான கத்தி முனைக்கு மாறுங்கள்.

அதிலும் பல வகை. மூன்று கத்தி, ஒரே உலோகத் துண்டில் செய்தது, அகலம் ஒன்றேகால் அங்குலத்துக்குள் இருக்கட்டும். ஜி5 மான்டெக் இந்த வகைக்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டு. நான் இப்போது பயன்படுத்துவது இரண்டு பெரிய கத்தி, குறுக்கே இரண்டு சிறு கத்தி கொண்ட வகை. தொட்ட கணமே வெட்டத் தொடங்குவதால் குறைந்த தடையில் உள்ளே போகிறது. கொலராடோவின் லவ்லண்ட் நகரத்தில் உள்ள அயர்ன் வில் (Iron Will) நிறுவனம் ஏ2 கருவி எஃகில் இப்படிச் செய்கிறது. விலை அதிகம்தான், ஆனால் மூன்று முனை வாங்கித் தீட்டித் தீட்டிப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்ளலாம். ஒருபக்கம் மட்டும் சரிவாகத் தீட்டிய கத்தி முனைகளும் உண்டு. அவை உள்ளே போகும்போது சுழன்று எலும்பைப் பிளக்கும். அவற்றை எடுத்தால் சரிவு வலமா இடமா என்று பார்த்து, இறகுகளின் சுழலும் அதே திசையில் இருக்கும்படி ஒட்டுங்கள். திசை மாறினால் முனையும் இறகும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும்.

எந்த முனையானாலும் கூர்மையில் சமரசம் கூடாது. பெட்டியில் வந்தது கூராக இருக்கிறது என்று நம்பாதீர்கள். ஒரு ரப்பர் பேண்டை இரு விரல்களுக்கிடையே லேசாக இழுத்துப் பிடித்து, கத்தியின் விளிம்பை அதன் மேல் மெதுவாக வையுங்கள். அழுத்தாமலே அறுந்தால் சரி. நசுங்கி வழுக்கினால் தீட்டுங்கள். பயிற்சிக்கு எய்த முனையை அப்படியே வேட்டைக்குக் கொண்டுபோகாதீர்கள். நுரை இலக்கு கூரைத் தின்றுவிடும்.

சட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். கொலராடோவில் வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக்கூடாது. முனையின் அகலம் 7/8 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, குறைந்தது இரண்டு எஃகு வெட்டு விளிம்பு வேண்டும். மற்ற மாநிலங்களின் விதிகள் வேறு. ஐடஹோவும் ஆரெகனும் விரியும் முனைகளை நீண்ட காலம் தடை செய்து வைத்திருந்தன. அந்தந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு வண்டி ஏறுங்கள்.

நிலையான முனைக்கு மாறியதும் ஒரு சங்கடம் வரும்: பயிற்சி முனை விழும் இடத்தில் அது விழாது. முன்னால் உள்ள கத்திகள் சிறு இறக்கைகள்போல் வேலை செய்து, வில்லில் உள்ள சிறு கோணலையும் பெரிதாக்கிக் காட்டும். பலர் இந்த இடத்தில் முனையைத் திட்டிவிட்டு விரியும் வகைக்குத் திரும்புகிறார்கள். முனை உங்களுக்கு உண்மையைத்தான் சொல்கிறது. 30 கெஜத்தில் இரண்டையும் மாறி மாறி எய்து பாருங்கள். வேட்டை முனை இடப்பக்கம் விழுந்தால், அம்பு தாங்கியை வலப்பக்கம் நகர்த்துங்கள். கீழே விழுந்தால் மேலே. அதாவது வேட்டை முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம். ஒருமுறைக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்த்தி, மறுபடி எய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் விழத் தொடங்கியபின்தான் குறிக்கருவியைத் தொட வேண்டும். எனக்கு முதல்முறை இதற்கு நான்கு மாலைகள் ஆயின. இறகுகளைச் சுழல் வைத்து ஒட்டினால் வேலை பாதி குறையும்.

கார்பன் தண்டை எய்யும் முன் ஒவ்வொரு முறையும் இரு கையாலும் பிடித்து லேசாக வளைத்து, காதருகே வைத்துக் கேளுங்கள். மெல்லிய 'கரக்' ஓசை வந்தாலோ விரலில் சிராய் தட்டினாலோ அதை ஒடித்துப் போட்டுவிடுங்கள். விரிசல் விட்ட தண்டு நாணை விட்ட நொடியில் சிதறி, வில் பிடித்த கையில் ஏறிவிடும்.

காட்டில் எங்கே எய்வது என்பதும் அம்புத் தேர்வின் பகுதிதான். இந்த 473 கிரெயின் அம்பு உங்களுக்குத் தருவது விலா எலும்பைக் கடக்கும் உறுதி. தோள்மூட்டைக் கடக்கும் உரிமத்தை அது தரவில்லை. விலங்கு பக்கவாட்டில் நிற்கும்போதும், சற்றே அப்பால் திரும்பி நிற்கும்போதும் மட்டும் எய்யுங்கள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. உங்களை நோக்கித் திரும்பி நின்றால் வில்லைத் தாழ்த்துங்கள், எவ்வளவு பெரிய கொம்பாக இருந்தாலும். எய்தபின் அம்பைத் தேடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நான்கு மணி நேரமாவது வேண்டும். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் வயிறு. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகாதீர்கள். படுத்த விலங்கை அவசரப்பட்டு எழுப்பிவிட்டால் அடுத்த மலைக்குப் போய்விடும்.

பருவத்துக்கு ஆறு வாரம் முன்னால் ஒரு டஜன் அம்பைக் கட்டி முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றின் இறகிலும் வெள்ளிநிறப் பேனாவால் எண் எழுதுங்கள். ஆகஸ்ட் முழுவதும் வேட்டை முனையோடு, முட்டி போட்டும், முதுகுப்பை மாட்டியும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதும் எய்து, எந்த எண் எங்கே விழுந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். காலையில் உடம்பு சூடாகும் முன் எய்யும் முதல் அம்பு எத்தனை கெஜம்வரை எட்டங்குலத் தட்டுக்குள் தவறாமல் விழுகிறதோ, அதுதான் உங்கள் எல்லை. மாதக் கடைசியில் எப்போதும் ஒன்றாகச் சேர்ந்து விழுந்த ஐந்து எண்களைத் தேர்ந்து, புதிதாகத் தீட்டிய முனைகளை மாட்டி, மறுபடி மேசையில் சுழற்றிப் பார்த்து அம்புக்கூட்டில் வையுங்கள். மற்ற ஏழும் கூடார வாசலில் தினமும் பயிற்சிக்கு.